தொட்டுட்டுத்தான் போனேன்

சந்தேகப்படுவதுதான் என் பிழைப்பு. வெம்பக்கோட்டை ரோட்டில் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிற ஒவ்வொருவனும் “நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லா ஓடுச்சுண்ணே, என்னன்னே தெரியல” என்றுதான் ஆரம்பிப்பான். தண்ணீர் வற்றின கிணற்றில் அதை மணிக்கணக்காக ஓடவிட்ட கதையைச் சொல்ல மாட்டான். மோட்டாரைத் திறந்தால் எல்லாம் தெரிந்துவிடும். மனுசனைத் திறந்து பார்க்க வழியில்லை. அதனால் நான் யாரையும் லேசில் நம்புவதில்லை. வீட்டில் சொர்ணலட்சுமி காபியில் சர்க்கரை ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டால்கூட “என்ன விசேஷம்?” என்று கேட்பேன். “ஒங்களைய மாதிரி சந்தேகப் பிராணிய நான் எங்கயும் பாத்ததில்ல” என்று தம்ளரை நங்கென்று வைத்துவிட்டுப் போவாள்.

அப்படிப்பட்ட நானே, பாண்டிச்செல்வி விஷயத்தில் ஊர் சந்தேகப்பட்ட லட்சணத்தைப் பார்த்து அசந்துபோனேன்.

பாண்டிச்செல்வி எங்கள் தெருதான். என் பெரியப்பா மகன் வீட்டு மருமகள். அண்ணன் செத்து வருசங்கள் ஆகிவிட்டன. வீட்டில் மதினி குருவம்மாள், அவள் மகன் சங்கிலிமுத்து, மருமகள் செல்வி என்று மூன்று பேர். சங்கிலிமுத்து சிவகாசியில் ஒரு அச்சாபீசில், காலண்டருக்கும் புத்தக அட்டைக்கும் வார்னிஷ் அடிக்கிற மிஷினில் நிற்கிறான். மாமியாரும் மருமகளும் வெம்பக்கோட்டை அணைக்குத் தெற்கே இருக்கிற ஒரு பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறார்கள். காலையில் கம்பெனி வேன் வந்து ஆரன் அடிக்கும். ஒரே வேனில் ஏறுவார்கள், ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிடுவார்கள். வேலை மட்டும் வேறு வேறு ரூம்பில்.

அந்தக் கம்பெனியைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கரிசல் காட்டுக்குள் சின்னச் சின்ன ரூம்புகள், ஒன்றுக்கொன்று எட்டத்தில் நிற்கும். ஒன்று வெடித்தால் அடுத்தது பற்றக் கூடாது என்று அப்படி. ரூம்புக்கு நாலு பேர்தான். வாசலில் வலது கைப்பக்கம் சுவரில் ஒரு செம்புத் தகடு அடித்திருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி இறங்கி மண்ணுக்குள் போகும். உள்ளே போகிறவர்கள் தகட்டில் உள்ளங்கையை வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். உடம்பில் ஏறியிருக்கிற கரண்டைத் தகடு வாங்கி மண்ணுக்குள் விட்டுவிடும். இல்லாவிட்டால் மருந்தில் கை வைக்கிறபோது விரலில் இருந்து பொறி பறக்கும். மருந்து என்றால் வெடிமருந்து. அதற்கு ஒரு பொறி போதும்.

இதைக் கம்பெனியில் சேருகிற அன்றைக்கே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் நம் பெண்கள் எதைத்தான் சும்மா தொடுவார்கள்? தொட்ட கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள ஆரம்பித்தார்கள். அப்புறம் வெள்ளிக்கிழமை தோறும் தகட்டைப் புளிபோட்டுத் தேய்த்து மஞ்சளும் குங்குமமும் வைத்தார்கள். சாமி என்று ஆனபிறகு தீட்டு வராமல் இருக்குமா? மாதவிலக்கு வந்து வீட்டுக்குத் தூரமான நாளில் தகட்டைத் தொடக் கூடாது என்று யாரோ கிளப்பிவிட, அந்த நாட்களில் சில பெண்கள் போர்மேன் அந்தப் பக்கம் திரும்புகிற நேரத்தில் தொடாமலே உள்ளே நுழைந்துவிடுவதாகக் கேள்வி. இது உயிரோடு விளையாடுகிற வேலை என்று வீட்டில் கத்தினேன். சொர்ணலட்சுமியோ “இதெல்லாம் பொம்பளைக விசயம், ஒங்களுக்கெதுக்கு” என்று வாயை அடைத்துவிட்டாள்.

ஆனி மாதம். மேல்காற்று விடாமல் வீசிக்கொண்டிருந்தது. அந்தக் காற்று இங்கே ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். உதடு வெடிக்கும். தலைவாரினால் முடி சீப்போடு எழுந்து நிற்கும். பிளாஸ்டிக் சேரிலிருந்து எழுந்து இரும்புக் கதவைத் தொட்டால் விரல் நுனியில் சுள்ளென்று கடிக்கும். அப்படிப்பட்ட ஒரு வியாழக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்து செல்வி தன் ரூம்புக்குள் போய் உட்கார்ந்து மருந்துத் தட்டைப் பக்கத்தில் இழுத்தாள். படக்கென்று ஒரு பொறி. தட்டில் இருந்தது கொஞ்ச மருந்துதான் என்பதால் ஊர் பிழைத்தது. புஸ்ஸென்று எழுந்த நெருப்பு எதிரே உட்கார்ந்திருந்த கற்பகவல்லியின் முழங்கை வரைக்கும் தோலை உரித்துவிட்டது. செல்விக்குப் புருவம் கருகியதோடு சரி.

அதுதான் அவள் செய்த பெரிய குற்றமாகப் போயிற்று. “கை வச்சவளுக்கு ஒண்ணும் ஆகல, எதுத்தாப்புல இருந்தவ வெந்து போனா. அதெப்படி?” என்று டீக்கடையில் ஒருவன் கேட்டான். அதெப்படி என்று எல்லோரும் கேட்க ஆரம்பித்தார்கள். மடியில் செல்போன் வைத்திருந்தாள் என்றார்கள். நைலக்ஸ் சேலை கட்டியிருந்தாள் என்றார்கள். அவள் கட்டியிருந்த நூல்சேலையை ஆஸ்பத்திரி வாசலில் எல்லோரும் கண்ணால் பார்த்த பிறகு, அவள் உடம்பிலேயே கரண்டு ஓடுகிறது என்றார்கள். ரேஷன் கடை வரிசையில் அவளுக்கு முன்னால் நின்றவள் ஓரடி தள்ளி நின்றாள். தண்ணீர்க் குழாயில் அவள் குடத்தைத் தொட ஒருத்தியும் தயாரில்லை.

கடைசியாகக் கிளம்பியதுதான் விஷம். “அவ அன்னைக்குத் தூரமாம். தகட்டத் தொடாமப் போயிட்டாளாம்.” கற்பகவல்லியின் ஆத்தா இதை மதினியிடமே வந்து நேருக்கு நேர் கேட்டிருக்கிறாள். மதினி “இருந்தாலும் இருக்கும்” என்று சொல்லிவிட்டாளாம். மாமியார் வாயிலிருந்தே வந்துவிட்டால் அப்புறம் என்ன? ஊர் தீர்ப்பு எழுதிவிட்டது.

கம்பெனியை அன்றைக்கே மூடினார்கள். தீபாவளிச் சீசன் நேரம், எத்தனை நாள் மூடி வைக்க முடியும்? தீப்பிடித்த ரூம்பை மட்டும் பூட்டிவிட்டு, திங்கட்கிழமை மற்ற ரூம்புகளைத் திறப்பதாக மொதலாளி ஹரிபிரசாத் சொல்லிவிட்டார். அன்றைக்கு மத்தியானம் அதிகாரிகள் விசாரிக்க வருகிறார்கள். போர்மேன் சோலைச்சாமி சனிக்கிழமை செல்வி வீட்டுக்கு வந்து பக்குவமாகப் பேசினான். “தொடாமப் போயிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிரும்மா. ஒன் தப்புன்னு முடிஞ்சு போகும். ஒன்னையக் கைவிட மாட்டோம், பெட்டி ஒட்டுற வேலையில போட்டுக்கிறோம்.”

“தொட்டுட்டுத்தான் போனேன்” என்று செல்வி சொல்லியிருக்கிறாள். அதையே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறாள். அவன் எழுந்து போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் கடையில் அரைக் குதிரை மோட்டார் ஒன்றுக்குக் காயில் சுற்றி முடித்திருந்தேன். செல்வி வந்து ஷட்டருக்கு வெளியிலேயே நின்றாள். நல்லா நிமிர்ந்து நடக்கிற பிள்ளை, நாலே நாளில் தோள் குறுகிப்போயிருந்தாள்.

“உள்ள வாத்தா.”

“வேண்டாம் மாமா. இங்கன அம்புட்டும் கரண்டுச் சாமானா இருக்கு.”

“இருந்தா ஒனக்கென்ன?”

“மாமா, ஒண்ணு கேட்டாச் சிரிக்கக் கூடாது.” முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள். “எல்லாரும் சொல்றாக. காலையில தண்ணிச் செம்ப நீட்டுனேன், இவுக வாங்கயில சுள்ளுன்னு அடிச்சு, செம்பக் கீள போட்டுட்டாக. எனக்கே பயமா இருக்கு. என் உடம்புல கரண்டு இருக்கான்னு பாத்துச் சொல்லுவீகளா? டெஸ்டர் வச்சிருக்கீகள்ல?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து ஸ்டூலில் உட்கார வைத்தேன். டெஸ்டரைப் பிளக்கு ஓட்டையில் நுழைத்து, அதன் தலையில் என் விரலை வைத்தேன். உள்ளே சிவப்பாக எரிந்தது.

“இது எப்பிடி எரியுது? துளியூண்டு கரண்டு என் உடம்பு வளியாத் தரைக்குப் போகுது. விரல எடுத்தா அணைஞ்சிரும். இப்ப நீ வையி.”

பயந்து பயந்து வைத்தாள். எரிந்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

“எனக்கும் எரியுது மாமா!”

“கற்பகவல்லி வச்சாலும் எரியும். ஹரிபிரசாத் மொதலாளி வச்சாலும் எரியும். உசுரோட இருக்கிற அம்புட்டுப் பேருக்கும் எரியும். உடம்புக்குள்ள என்னத்தா இருக்கு? ரத்தமும் உப்புத் தண்ணியும்தான். கரண்டுக்கு அது ரோடு. ஆடு, மாடு, பச்சை மரம் எல்லாம் அப்பிடித்தான். போன ஐப்பசி மளையில, லைட்டுக் கம்பத்துக்கு இழுத்துக் கட்டுன கம்பியில ஒரசி நம்ம தெரு ஆடு செத்துச்சே, ஞாபகம் இருக்கா? அத இழுக்கப்போன பயலக் காஞ்ச கம்பால தள்ளித்தான் காப்பாத்துனோம். அதே கம்பு நனைஞ்சிருந்தா நாங்களும் போயிருப்போம். காஞ்சது விடாது, ஈரம் விடும்.”

“அப்ப அந்தப் பொறி?”

“அது சேர்ற கரண்டு. மேல்காத்துல துணியும் உடம்பும் ஒரசி ஒரசி ஏறிக்கிரும். வேர்வைக் காலத்துல நிக்காது, காஞ்ச காலத்துல நின்னுக்கிரும். ஒனக்கு மட்டும் இல்ல, எனக்கும் ஏறும். அத எறக்கி விடத்தான் தகடு.”

“தொட்டேனே மாமா. ரெண்டு கையையும் வச்சுத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டேன். நான் தூரமும் இல்ல. தூரமா இருந்தாலும் நான் தொடுவேன், எனக்கென்ன கோட்டியா பிடிச்சிருக்கு?”

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அப்போது எனக்கும் அவள் மேல் சந்தேகம்தான். தகட்டைத் தொட்டிருந்தால் பொறி வரக் கூடாது. கம்பி அறுந்திருந்தால் வரலாம். “கம்பி கிம்பி அந்துபோயிருந்துச்சா?” என்று கேட்டேன். “இல்ல மாமா, சோலைச்சாமி அண்ணன் அன்னைக்கே இழுத்துப் பாத்தாரு. கம்பியும் நல்லாருக்கு, தகடும் பளபளன்னு இருக்கு” என்றாள். அப்படியானால் இவள் தொட்டிருக்க மாட்டாள். பயத்தில் தொட்டதாக நினைத்துக்கொள்கிறாள். எனக்குள் கணக்கு அப்படித்தான் ஓடியது. அதை முகத்தில் காட்டாமல் காயில் கம்பியின் முனையை எடுத்துப் பிளேடால் சுரண்ட ஆரம்பித்தேன்.

அவள் குனிந்து பார்த்தாள். “செம்புக் கம்பிதான? அத எதுக்குச் சொரண்டுறீக?”

“வெறுஞ்செம்பு இல்லத்தா. மேல வார்னிஷ் பூசிருக்கும். பூசலைன்னா சுத்துக்குச் சுத்து கரண்டு தாவி எரிஞ்சுபோகும். சேக்குற முனையில மட்டும் சொரண்டி விடணும்.”

“வார்னிஷ் பூசுனா கரண்டு போகாதா?”

“ஒரு சொட்டுப் போகாது.” பேச்சை மாற்றினாற்போலவும் ஆகும் என்று குண்டு பல்பு மாட்டின போர்டை எடுத்துக் காட்டினேன். சுரண்டாத இடத்தில் வயரை வைத்தேன். பல்பு எரியவில்லை. சுரண்டின இடத்தில் வைத்தேன். எரிந்தது.

அவள் சந்தோசப்படுவாள் என்று நினைத்தேன். முகம் செத்துப்போயிருந்தது.

“எந்த வார்னிஷா இருந்தாலுமா? காலண்டருக்கு அடிப்பாகளே, அதுவுமா?”

எனக்குள் என்னவோ தட்டியது. “எதுக்குக் கேக்க?”

“சொல்லுங்க மாமா.”

“அதுவுந்தான். எதுக்குக் கேக்க?”

“இவுக அடிச்சுக் குடுத்தாக மாமா.” முந்தானையை இறுக்கிப் பிடித்தாள். “பங்குனியில, கோயில் பொங்கலுக்கு முந்தி. எல்லா ரூம்புத் தகட்டுக்கும்.”

பிளேடு என் விரலை வெட்டியிருந்தது. அதைக்கூடப் பிறகுதான் பார்த்தேன். பங்குனியில் அடித்தது. சித்திரையும் வைகாசியும் எல்லோரும் வேர்வையில் நனைந்துகொண்டே வேலை பார்த்ததால் எதுவும் ஆகவில்லை. ஆனிக் காற்று வந்து உடம்பைக் காயப்போட்டதும் விஷயம் வெளியே வந்திருக்கிறது. அத்தனை பேரும் தினமும் கண்ணில் ஒற்றிக்கொண்டது வெறும் வார்னிஷை. அதை நம்பி நாளைக் காலையில் மறுபடியும் உள்ளே போகப்போகிறார்கள்.

கடையைப் பூட்டிவிட்டு அவளோடு வீட்டுக்குப் போனேன். மதினி அடுப்பில் கருவாட்டுக் குழம்பு கொதிக்கவிட்டு, கத்திரிக்காயை அரிந்து தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தாள். சங்கிலிமுத்து கட்டிலில் படுத்துக்கொண்டு செல்போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

“வாங்க கொளுந்தனாரே. சாப்பிட்டுத்தான் போகணும்” என்றாள் மதினி.

நான் உட்காரவில்லை. நேராக அவனிடம் கேட்டேன். “ஏலே, தகட்டுக்கு வார்னிஷ் அடிச்சியா?”

எழுந்து உட்கார்ந்தான். “ஆமா சித்தப்பா. பங்குனியில. ஏன்?”

“எதுக்குலே அடிச்ச?”

“மத்தவுக பொட்டு வைக்கிறதோட சரி, வாராவாரம் அத்தனை தகட்டையும் போர்மேன் இவளையே தேய்க்கச் சொல்லிருவாரு சித்தப்பா. அதிகாரி வரயில பச்சை பூத்திருந்தாத் திட்டுவாகளாம். புளியப் போட்டுத் தேச்சுத் தேச்சு இவ கை பூராம் வெடிச்சுப்போச்சு. சோத்தப் பிசைய முடியாம ஸ்பூன்ல தின்னா. பாக்கச் சகிக்கல. மிஷின்ல மிச்சம் கெடந்த வார்னிஷ பாட்டில்ல எடுத்துட்டு வந்து, ஒரு ஞாயித்துக்கெளமை போயி அடிச்சு விட்டேன். போர்மேன்தான் கேட்டத் தெறந்து விட்டாரு. ‘தங்கம் மாதிரி இருக்குலே’ன்னு டீயெல்லாம் வாங்கிக் குடுத்தாரு.”

நான் விஷயத்தைச் சொன்னேன். பல்பு எரியாமல் போனதைச் சொன்னேன். கேட்கக் கேட்க அவன் வாய் கோணியது. செல்வியைப் பார்த்தான், அவள் கருகின புருவத்தைப் பார்த்தான், இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டான். “ஒன்னைய நானே கொல்லப் பாத்திருக்கேனே, நானே கொல்லப் பாத்திருக்கேனே...”

செல்வி அவன் கைகளைப் பிடித்துக்கொண்டாள். ஷாக் அடிக்கும் என்று இருவருக்குமே நினைப்பு வரவில்லை.

நான் மதினியைப் பார்த்தேன். என் புத்தி எங்கே போகும்? அவள் கத்திரிக்காய் அரிவதை நிறுத்தவில்லை. என்ன, ஏது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. முகத்தில் ஆச்சரியம் என்பது மருந்துக்கும் இல்லை.

“மதினி, ஒங்களுக்கு இது முன்னமே தெரியும்.”

அரிவாள்மனையை மடக்கி ஓரமாக வைத்தாள். “சின்ன வயசுல நான் வேலைக்குப் போன புதுசுல, ஆயுத பூசைக்கு வெள்ளையடிக்க வந்தவன் தகட்டுல பெயிண்ட அடிச்சுட்டான். அப்ப இருந்த போர்மேன் அவனச் செருப்பக் கழட்டி அடிச்சாரு. அம்புட்டுப் பேரையும் சாகடிக்கவாடா பாத்தன்னு கத்துனாரு. எதுக்குன்னு எனக்கு அன்னைக்குப் புரியல. வார்னிஷ் அடிக்கயிலயும் ஞாபகம் வரல. வியாளக்கெளமை பொறி வந்ததும் வந்துருச்சு.”

“தெரிஞ்சுமா அத்த?” செல்வி எழுந்து நின்றாள். “தெரிஞ்சுமா கற்பகவல்லி ஆத்தாகிட்ட ‘இருந்தாலும் இருக்கும்’னு சொன்னீக?”

“வேற என்னடி செய்யச் சொல்ற? பொம்பளைக்கு மாசாமாசம் வர்றதுதான. தூரமா இருந்தா, தொடாமப் போயிட்டான்னு நாலு நாள் பேசுவாக, அப்புறம் அடுத்த சோலிக்குப் போயிருவாக. இவன் பேரு வெளிய வந்தா உள்ள தூக்கிப் போட்டுருவாக. எனக்குன்னு இருக்கிறது இவன் ஒருத்தன்தான். நாளைக்கு நீ தொடலைன்னு சொல்லிரு தாயீ. ஒன் கால்ல வேணும்னாலும் விளுறேன்.”

“தொட்டுட்டுத்தான் போனேன்.”

“எனக்குத் தெரியாதாடி!” என்று கத்திவிட்டு மதினி சேலையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

“எம்மா, நான் போயிச் சொல்லிர்றேன்” என்றான் சங்கிலிமுத்து. அவன் குரலில் பலமே இல்லை. மதினி அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “இவ பேரு கெட்டது ஒரு பக்கம் இருக்கட்டும் மதினி. நாளைக்குக் காலையில அம்புட்டுப் பேரும் உள்ள போறாக. நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன்.” அங்கேயே நின்று சோலைச்சாமிக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். கட் செய்தான்.

மதினி என் கையைப் பிடித்தாள். “நானே சொல்லிர்றேன் கொளுந்தனாரே. காலையில ரூம்பு தெறக்குறதுக்கு முன்னால அவன் காதுல மட்டும் போட்டுச் சொரண்டச் சொல்லிர்றேன். ஊருக்குத் தெரிய வேண்டாம். பத்திரகாளி மேல சத்தியம்.”

சரி என்றேன். ஒரு சொல்கூட நம்பவில்லை. குழம்பு அடிப்பிடித்து வாடை கிளம்பியது. யாரும் சாப்பிடவில்லை.

மறுநாள் வேன் கிளம்பினதும் என் டிவிஎஸ்ஸை எடுத்தேன். செல்வி வாசலில் தயாராக நின்றாள். அவளும் நம்பவில்லை போல. சட்டைப் பையில் உப்புத்தாளை மடித்து வைத்துக்கொண்டு அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனேன். மேல்காற்று வண்டியை ரோட்டுக்கு வெளியே தள்ளியது. கண்ணெல்லாம் புழுதி.

கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் மறித்தான். “இந்தப் பிள்ளைய உள்ள விடக் கூடாதுன்னு ஆர்டர்.”

“யோவ், தகடு அம்புட்டும் கெட்டுக் கெடக்கு. உள்ள யாரையும் ரூம்புக்குள்ள விடாதீகன்னு போயிச் சொல்லு.”

“எதுன்னாலும் போர்மேன்கிட்டச் சொல்லுங்கண்ணே.”

“போர்மேனக் கூப்பிடு.”

“போர்மேன் உள்ள வேலையா இருக்காரு. கேட்ட விட்டு நான் நகரக் கூடாது, நீங்க உள்ள வரக் கூடாது.”

இவனிடம் என்னத்தைப் பேச? கம்பி வேலி வழியாகப் பார்த்தேன். பெண்கள் வேனிலிருந்து இறங்கி வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். வேப்பமரத்தடியில் சோலைச்சாமி நின்றான். மதினி அவன் பக்கத்தில் போனாள். நின்றாள். அவன் ஏதோ கேட்டான். ஒன்றுமில்லை என்பதுபோல் மதினி தலையை ஆட்டினாள். அவ்வளவுதான், முன்னால் நடந்துவிட்டாள்.

“சொல்லல மாமா” என்றாள் செல்வி. “அத்த சொல்லல.” வேலியைப் பிடித்து உலுக்கிக்கொண்டு “அத்தே! யாரும் உள்ள போகாதீக!” என்று கத்தினாள். நானும் கத்தினேன். காற்று எங்கள் குரலை எங்கள் முகத்திலேயே திருப்பி அடித்தது.

மதினியின் ரூம்பு கேட்டுக்குப் பக்கத்து வரிசைதான். அவளுக்குப் பின்னால் மூன்று பேர். அவள் தகட்டுக்கு முன்னால் போய்க் கையைத் தூக்கினாள். கை அப்படியே நின்றது. முன்னாலும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை. பின்னால் நின்றவர்கள் என்னவோ சொல்லிச் சிரித்தார்கள். போன தையில்தான் கல்யாணமான ஸ்ரீமதி என்கிற பிள்ளை, பொறுமையில்லாமல் மதினியைத் தாண்டிக் கையை நீட்டித் தகட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வாசலைத் தாண்டி ஒரு காலை உள்ளே வைத்தாள்.

மதினி அவளைச் சடையோடு பிடித்து வெளியே இழுத்தாள். அந்தப் பிள்ளை மல்லாக்க விழுந்து அலறியது. மற்ற ரூம்புக்காரர்களும் சோலைச்சாமியும் ஓடிவந்தார்கள். வாட்ச்மேனும் கேட்டை விட்டுவிட்டு ஓட, நாங்கள் உள்ளே நுழைந்து ஓடினோம்.

மதினி வாசற்படியில் உட்கார்ந்து இரண்டு பக்கத்து நிலையையும் கையை விரித்துப் பிடித்திருந்தாள். “ஒருத்தியும் உள்ள போகக் கூடாது. எந்த ரூம்புக்கும் போகக் கூடாது. தகட்டுல வார்னிஷ் இருக்கு. எம் மகன் அடிச்சது. இந்தா நிக்கிறானே, இந்தச் சோலைச்சாமிதான் கேட்டத் தெறந்து விட்டான்.”

“யத்தா, சும்மா இரு. சீசன் நேரத்துல...” என்று சோலைச்சாமி பக்கத்தில் வந்தான்.

“நீ சும்மா இருடா! மொதல்ல போலீசக் கூப்பிடு. எம் மகனப் பிடிச்சுக் குடுத்துர்றேன். அதுக்கப்புறம் சொரண்டிட்டு உள்ள போங்க.” சுற்றி நின்றவர்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தாள். “எம் மருமக தொட்டுட்டுத்தான் போனா. அவ தூரமும் இல்ல. தெரிஞ்சுக்கிட்டேதான் நான் மாத்திச் சொன்னேன். எல்லாரும் கேட்டுக்கோங்க, தெரிஞ்சுக்கிட்டேதான் சொன்னேன்.”

ஸ்ரீமதி தன் உள்ளங்கையைப் பார்த்துவிட்டுச் சேலையில் அழுத்தித் துடைத்தாள். நான் உப்புத்தாளை எடுத்துத் தகட்டைத் தேய்க்கப் போனேன். “அதிகாரிக பாக்கட்டும், இப்பத் தொடாதீக மாமா” என்று செல்வி தடுத்துவிட்டாள். எனக்கு அது தோன்றவில்லை.

மத்தியானம் அதிகாரிகளும் போலீசும் வந்தார்கள். கம்பெனிக்கே பூட்டுப் போட்டார்கள். சோலைச்சாமியை அங்கேயே வண்டியில் ஏற்றினார்கள். சங்கிலிமுத்துவை அச்சாபீசில் போய்க் கூட்டிப் போனதாகத் தகவல் வந்தது. ஓடவில்லையாம். “நான்தான் சார், வாங்க” என்று கையைக் கழுவிக்கொண்டு வந்தானாம்.

சாயங்காலம் செல்வி அவனுக்கு மாற்றுத் துணியும் சாப்பாடும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினாள். நான் வண்டியோடு வாசலில் நின்றேன். தெருக்காரிகள் நாலு பேர் வந்து, தங்களுக்கு அவள் மேல் ஒருபோதும் சந்தேகமே இல்லை என்று சத்தியம் செய்துகொண்டிருந்தார்கள். அவள் தூக்குச்சட்டியின் மூடியை அழுத்தி மூடினாள்.

மதினி கதவோரம் உட்கார்ந்திருந்தாள். கம்பெனியில் அத்தனை பேருக்கும் முன்னால் நிமிர்ந்து பேசினவள், இவளை நிமிர்ந்து பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “ஏத்தா, எம் மேல கோவமா இருந்தா ரெண்டு வார்த்தை வஞ்சுட்டாவது போ.”

செல்வி செருப்பை மாட்டினாள். “அவுகளைய எப்பிடியாச்சும் ஜாமீன்ல கூட்டிட்டு வந்துருவேன் அத்த. தெரிஞ்சுக்கிட்டே என்னைய ஊருக்குள்ள சொன்னீகளே, அன்னைக்குப் போன நம்பிக்கைய எந்த ஸ்டேஷன்ல போயிக் கூட்டிட்டு வர?”

நான் வண்டியைக் கிளப்பினேன், செல்வி தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.